பிப்ரவரி 10-க்குக் குறிக்கப்பட்ட ஒரு மரணம்: மிசூரி, 1999

ஏன் இந்த நிகழ்வு

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி, அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'தி வெஸ்ட் விங்' என்ற அரசியல் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. கதையில் வரும் அதிபர் கத்தோலிக்கர். இரண்டு பேரைக் கொன்ற போதைப்பொருள் வியாபாரி ஒருவரின் கடைசி மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் வெள்ளிக்கிழமை மாலை தள்ளிவிடுகிறது. ஓய்வுநாளில் உயிரை எடுப்பதில்லை என்பதால், திங்கள் பிறந்து ஒரு நிமிடம் ஆகும்வரை அவகாசம் இருக்கிறது. அதிபர் ஒரு கையெழுத்துப் போட்டால் கைதி பிழைப்பார். வார இறுதி முழுவதும் ஜெபிக்கிறார், பலரிடம் கேட்கிறார். கையெழுத்து மட்டும் விழவில்லை.

கடைசி நேரத்தில் அவருடைய சொந்த ஊர்ப் பங்குத்தந்தை வந்து ஒரு கதை சொல்கிறார். வெள்ளத்தில் கூரைமேல் நிற்கும் ஒருவன், கடவுள் காப்பாற்றுவார் என்று சொல்லி வானொலி எச்சரிக்கையையும் படகையும் ஹெலிகாப்டரையும் திருப்பி அனுப்பிவிட்டு மூழ்கிச் சாகிறான். உனக்கு ஒரு குருவானவரையும் ஒரு யூத ரபியையும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவரையும் கடவுள் அனுப்பினாரே, இன்னும் என்ன எதிர்பார்த்தாய் என்று அந்த முதியவர் கேட்கிறார். மரணச் செய்தி வந்தபின், அதிபர் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்வதோடு அந்தப் பகுதி முடிகிறது.

மரண தண்டனையையும் மதநம்பிக்கையையும் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் காட்சியைத்தான் நண்பர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே, மிசூரி மாநிலத்தில், உண்மையான ஆளுநர் ஒருவர் முன்னால் உண்மையான குருவானவர் ஒருவர் வந்து நின்றார். நேரம் இருக்கும்போதே வந்தார், கேட்டார், கிடைத்தது. அது எப்படி நடந்தது, எங்கே நின்றுபோனது என்பதை வரிசையாகப் பதிவு செய்வதுதான் இந்த ஆய்வு. கைதியின் பெயரையும் கொல்லப்பட்டவர்களின் பெயர்களையும் எழுதவில்லை. ஆளுநரும் போப்பும் பொதுப் பதவியில் இருந்தவர்கள் என்பதால் அவர்களின் பெயர்கள் வருகின்றன.

பின்னணி: குற்றமும் தீர்ப்பும்

1988 மே மாதம். மிசூரியின் தென்மேற்கே ஓசார்க் மலைப்பகுதி. போதைப்பொருள் தொழிலில் ஒருகாலத்தில் சேர்ந்திருந்த இரண்டு பேருக்குள் பகை முற்றியிருந்தது. ஒருவர் காட்டுப்பாதை ஓரம் மறைந்திருந்து, நான்கு சக்கர மோட்டார் வண்டிகளில் வந்தவர்களைச் சுட்டார். இறந்தவர்கள் மூவர்: பழைய கூட்டாளி, அவருடைய மனைவி, அவர்களின் பேரன். பேரனுக்கு வயது 19. இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவன், நடக்க முடியாதவன்.

இந்தக் கடைசி விவரத்தை நான் ஒவ்வொரு முறையும் நின்று வாசிக்கிறேன். பழைய கூட்டாளிமேல் என்ன கோபம் இருந்திருந்தாலும், ஓடித் தப்பிக்கவும் முடியாத ஒரு பையனைச் சுட்டதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. இந்த நிகழ்வைப் பேசும் எவரும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரக்கம் பற்றிய பேச்சில் இறந்தவர்கள் மறைந்துபோவது அடிக்கடி நடக்கிறது. அப்படிப் பேசும் பேச்சை இறந்தவர்களின் வீட்டார் நம்ப மாட்டார்கள், அவர்கள் நம்பாததில் நியாயம் இருக்கிறது.

கொலையாளி பிடிபட்டார். 1990-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. யார் செய்தது என்பதில் ஐயம் எதுவும் எழவில்லை. ஆகவே இது குற்றமற்றவரைக் காப்பாற்றிய கதையன்று. பெந்தெகொஸ்தே குடும்பத்தில் வளர்ந்த அந்த மனிதர், சிறையில் தீவிரமான பக்திக்குத் திரும்பினார். தன்னை அரசு கொல்லாது, கடவுள் விடுவிப்பார் என்று உறுதியாக நம்பிவந்தார்.

மிசூரியில் அப்போது மரண தண்டனையை விஷ ஊசி போட்டு நிறைவேற்றினார்கள். இடம் பொட்டோசி சிறை. நேரம், குறித்த தேதி பிறந்து ஒரு நிமிடத்தில்.

ஆளுநரும் அவர் காலத்து அரசியலும்

மெல் கார்னஹன் 1993 ஜனவரியில் ஆளுநரானார். ஜனநாயகக் கட்சிக்காரர், மதத்தால் பாப்டிஸ்ட். நம் நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். இங்கே ஆளுநர் கருணை மனுவில் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். அமெரிக்க மாநிலத்தில் ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நிர்வாகத் தலைவர். மிசூரியில் பரோல் வாரியம் பரிந்துரை அனுப்பும். அந்தப் பரிந்துரை அவரைக் கட்டுப்படுத்தாது. கையெழுத்து அவருடையது, பழியும் அவருடையது.

கார்னஹன் மரண தண்டனையை ஆதரித்தவர். அவர் பதவியேற்றதிலிருந்து 1999 ஜனவரி நடுப்பகுதிவரை 26 பேருக்குத் தண்டனை நிறைவேறியிருந்தது. அதற்கு முன் ஒரே ஒருவரின் தண்டனையைத்தான் குறைத்திருந்தார். 1993-இல், மனவளர்ச்சி குன்றிய ஒரு கைதிக்கு. 26-ஆவது மனிதர் இறந்தது ஜனவரி 13 அன்று, போப் இரண்டாம் ஜான் பால் மிசூரிக்கு வந்திறங்க இரண்டு வாரம்கூட இல்லாதபோது.

இவரைக் கல்நெஞ்சக்காரர் என்று எழுதிவிடுவது எளிது. காலத்தையும் பார்க்க வேண்டும். 1992-இல், அதிபர் வேட்பாளராக நின்ற அர்க்கன்சாஸ் ஆளுநர் பில் கிளின்டன், பிரசாரத்தை நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். மூளையில் பெருஞ்சேதம் அடைந்திருந்த கைதி ஒருவரின் தண்டனை அப்போது நிறைவேறியது. கடைசி உணவில் கொடுத்த பெக்கன் பருப்புப் பணியாரத்தை அந்தக் கைதி அப்புறம் சாப்பிடலாம் என்று எடுத்து வைத்துவிட்டுப் போனார். சாவு என்றால் என்ன என்பதே அவருக்கு விளங்கவில்லை. இருந்தும் கிளின்டன் தடுக்கவில்லை, அதிபரும் ஆனார். மென்மை காட்டினால் தேர்தலில் அடி விழும் என்பது அந்தக் காலத்து ஆளுநர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான பாடம். 1999-இல் மட்டும் அமெரிக்கா முழுவதும் 98 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. மரண தண்டனைக்கு 1976-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் வழிவிட்டதற்குப் பிறகு எந்த ஆண்டிலும் இத்தனை பேர் இல்லை.

கார்னஹன் 2000-இல் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டில் மிசூரியின் ஓர் இடத்துக்கு, அப்போது அந்த இடத்தில் இருந்த முன்னாள் ஆளுநர் ஜான் ஆஷ்கிராஃப்டை எதிர்த்து நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தார். அதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதத்தின் நிலைப்பாடுகள்

இங்கே மூன்று கிறிஸ்தவ மரபுகள் சந்தித்தன. கைதி பெந்தெகொஸ்தே, ஆளுநர் பாப்டிஸ்ட், வரவிருந்தவர் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர். மூவர் கையிலும் ஒரே வேதாகமம்.

பாப்டிஸ்டுகளில் பெரும்பாலோர் ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தைப் பிடித்துக்கொள்வார்கள்: மனிதனின் இரத்தத்தைச் சிந்துகிறவனின் இரத்தம் மனிதனாலேயே சிந்தப்பட வேண்டும். அமெரிக்காவின் மிகப் பெரிய பாப்டிஸ்ட் அமைப்பு 2000 ஜூனில் மரண தண்டனையை ஆதரித்துத் தீர்மானமே போட்டது. கொடியவரை ஒழிப்பது பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்ற எண்ணம் நமக்கும் பழக்கமானதே. அவர்களை விந்தையாகப் பார்க்க ஒன்றுமில்லை.

போப் இரண்டாம் ஜான் பால் 1995 மார்ச்சில் வெளியிட்ட சுற்றுமடலில், அதே ஆதியாகமத்தின் 4-ஆம் அதிகாரத்துக்குப் போனார். தம்பியைக் கொன்ற காயீன்மேல் கர்த்தர் ஓர் அடையாளம் போடுகிறார், அவனைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் கொன்றுவிடாதபடிக்கு. கொலைகாரனுக்கும் மனித மாண்பு போய்விடுவதில்லை என்று இதிலிருந்து வாதிட்டார். சமூகத்தைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் மரண தண்டனை ஏற்கத்தக்கது, இன்றைய சிறை அமைப்பில் அப்படிப்பட்ட நிலை கிட்டத்தட்ட வருவதே இல்லை என்று எழுதினார்.

எழுதியதோடு நிற்கவில்லை, கைதிகளுக்காக முறையிட்டும் வந்தார். 1997-இல் வர்ஜீனியாவில் ஒருவருக்காகக் கேட்டார், நடக்கவில்லை. 1998 பிப்ரவரியில் டெக்சாஸில் மனந்திரும்பிய பெண் கைதி ஒருவருக்காகக் கேட்டார். அந்தப் பெண்ணுக்காக, மரண தண்டனையை ஆதரித்துவந்த சில சுவிசேஷப் பிரசங்கிகளே பரிந்து பேசினார்கள். அதுவும் நடக்கவில்லை. கடல் தாண்டிப் போகும் கடிதம் ஆளுநர் அலுவலகத்தில் ஒரு கோப்பாகச் சேரும். சேர்ந்த இடத்திலேயே இருக்கும்.

கவனித்தவை: தேதி மாறியது

இந்த நிகழ்வின் முதல் திருப்பத்தை நம்பிக்கை உண்டாக்கவில்லை, நாட்காட்டி உண்டாக்கியது. மிசூரி உச்ச நீதிமன்றம் முதலில் தண்டனைக்குக் குறித்த தேதி 1999 ஜனவரி 27. போப் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கப்போவது ஜனவரி 26, 27. பொட்டோசி அந்த நகருக்குத் தெற்கே, காரில் போய்விடக்கூடிய தொலைவில்.

பிறகு நீதிமன்றம் தேதியைப் பிப்ரவரி 10-க்கு மாற்றியது. மரண தண்டனையை உலகறிய எதிர்க்கும் போப் மாநிலத்தில் இருக்கும் நாளிலேயே ஒருவரைக் கொன்றால் எப்படி இருக்கும் என்ற சங்கடம்தான் காரணம் என்று பலரும் புரிந்துகொண்டார்கள். சங்கடத்தைத் தவிர்க்கச் செய்த காரியம் நேர்மாறாகப் போனது. ஜனவரி 27-லேயே விட்டிருந்தால், போப் பேராலயத்துக்குள் நுழையும் முன்பே, அந்த நாள் பிறந்து ஒரு நிமிடத்தில், எல்லாம் முடிந்திருக்கும். தேதி மாறியதால் கைதி உயிரோடு இருந்தார். அவருடைய பெயர் மட்டும் செய்திகளில் தனியாகத் தெரிந்தது. மரண தண்டனை பெற்ற மற்றவர்கள் வெறும் எண்ணிக்கையாக இருந்தபோது, இவர் போப்புக்காகத் தேதி தள்ளப்பட்ட மனிதர் ஆனார்.

தொலைக்காட்சிக் கதையிலும் அவகாசம் கிடைப்பது ஓய்வுநாளால்தான். கொல்லும் வேலைக்குச் சில நாட்கள் பொருந்தாது என்று அரசே ஒப்புக்கொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு கேள்வி உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படிப் பொருந்துகிறது?

ஜனவரி 27, பேராலயத்தில்

அன்று காலை, அமெரிக்கக் கால்பந்தாட்டம் நடக்கும் உள்ளரங்கில் போப் திருப்பலி நிறைவேற்றினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டிருந்தார்கள். மறையுரையில், மரண தண்டனை கொடியது, தேவையற்றது, அதை ஒழிக்க மக்கள் ஒருமித்து வர வேண்டும் என்று கேட்டார். பெரிய தீமை செய்தவனிடமிருந்தும் மனித உயிரின் மாண்பைப் பறித்துவிடக் கூடாது என்றார். கூட்டம் கேட்டது. கூட்டத்திடம் சொல்லும் சொல்லுக்கு யாரும் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மாலையில் செயின்ட் லூயிஸ் பேராலயத்தில் பல சமயத்தாரும் கலந்துகொண்ட ஜெபவேளை. அந்தக் கோவிலின் உட்சுவர்களும் கூரைகளும் நான்கு கோடிக்கு மேற்பட்ட சிறு கண்ணாடித் துண்டுகளால் பதித்த ஓவியங்கள். விளக்கொளி பட்டால் கட்டடம் முழுவதும் பொன்னாக மின்னும். ஆளுநர் முன்வரிசையில் இருந்தார்.

ஜெபம் முடிந்தது. போப்புக்கு அப்போது வயது 78. நடுக்கவாதம் முற்றிக்கொண்டிருந்த காலம். முதுகு வளைந்திருந்தது, கால் எடுத்து வைப்பதே பாடு. அந்த நிலையில் பீடத்திலிருந்து இறங்கி, ஆளுநர் இருந்த இடத்துக்கே நடந்து போனார். கைதியின் பெயரைச் சொல்லி, அவர்மேல் இரக்கம் காட்டும்படி கேட்டார். நீண்ட பேச்சோ இறையியல் வாதமோ அந்த இடத்தில் எழவில்லை. முகத்துக்கு நேராக, பெயர் சொல்லி, ஒரு வேண்டுகோள்.

நான் இதில் கவனிப்பது அந்தச் சில அடி தூரத்தை. ஆளுநரை அழைத்துவரச் சொல்லியிருக்கலாம். உதவியாளர் கையில் குறிப்பு கொடுத்து அனுப்பியிருக்கலாம். கேட்பவர் தானே இறங்கி வந்தார். நம் ஊரில் ஒரு பெரியவர் வாசல் தேடி வந்து ஒன்றைக் கேட்டால் வீட்டுக்காரர் என்ன பாடுபடுவார் என்று நமக்குத் தெரியும்.

அன்றிரவே போப் ரோமுக்கு விமானம் ஏறினார்.

எடுத்த முடிவும் சொன்ன காரணமும்

கார்னஹன் தாமதிக்கவில்லை. மறுநாள், ஜனவரி 28, அறிவிப்பு வந்தது: மரண தண்டனை நீங்கியது, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. போப் நேரில் விடுத்த வேண்டுகோளையும் அவர்மேல் தனக்குள்ள ஆழ்ந்த மதிப்பையும் காரணமாகச் சொன்னார். தான் இன்னும் மரண தண்டனையை ஆதரிப்பதாகவும் அதே அறிக்கையில் தெளிவாக்கினார்.

கத்தோலிக்க வாக்குகளுக்காகச் செய்தார் என்று அப்போதே பேசினார்கள். செயின்ட் லூயிஸில் கத்தோலிக்கர் நிறைய உண்டு, அது உண்மை. ஆனால் கணக்குப் போடுகிற அரசியல்வாதி இதைச் செய்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். செனட் தேர்தல் எதிரே நிற்கிறது. எதிராளி சட்டம் ஒழுங்கு பேசுபவர். மூன்று பேரைக் கொன்றவரை விட்டுவிட்டார் என்ற குற்றச்சாட்டைத் தானே எடுத்துக் கையில் கொடுப்பதுபோல. நேரில் வந்து கேட்ட முதியவரிடம் மறுக்க அவருக்கு மனம் வரவில்லை என்பதே எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். தொலைக்காட்சி அதிபர் செய்யாததை இந்த மனிதர் செய்தார்.

ஆயினும் சொன்ன காரணத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதில் குற்றத்தைப் பற்றி ஒரு மதிப்பீடு இல்லை. விசாரணையில் குறை கண்டதாக இல்லை. கைதி மாறிவிட்டார் என்றும் இல்லை. கொல்லப்பட்ட பையன் அந்தக் காரணத்தில் இல்லை, கொன்றவரும் இல்லை. இருப்பவர்கள் இருவர்: கேட்டவர், கொடுத்தவர். தண்டனைக் குறைப்பு என்ற அரசுச் செயல் ஒரு தனிப்பட்ட மரியாதையாக மாறியிருந்தது.

பின்னே நடந்தவை

அறிவிப்பு வந்து 27-ஆம் நாள், பிப்ரவரி 24 அன்று, பொட்டோசியில் அடுத்த தண்டனை நிறைவேறியது. மார்ச் 10 அன்று இன்னொன்று. இந்த இரண்டாமவர் சிறைக் காவலர் ஒருவரின் கொலையில் தண்டனை பெற்றவர். கடைசிவரை தான் குற்றமற்றவர் என்றே சொல்லிவந்தார். அவரைக் குற்றத்தோடு இணைக்கும் உடற்சான்று எதுவுமில்லை என்று அவருக்காகப் போராடியவர்கள் முறையிட்டார்கள். ஆளுநர் தலையிடவில்லை.

இதை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. குற்றத்தில் ஐயமே இல்லாதவர் பிழைத்தார். ஐயம் உண்டு என்று பலர் சொன்ன ஒருவர் ஆறு வாரத்தில் இறந்தார். இருவருக்கும் இருந்த வேறுபாடு, ஒருவருடைய தேதி போப்பின் பயணத்தோடு மோதியது என்பதுதான்.

அந்த ஆண்டில் மிசூரியில் மொத்தம் 9 பேருக்குத் தண்டனை நிறைவேறியது. ஜனவரி 13-ஐக் கழித்தால், போப் வந்து போனபின் 8 பேர். கார்னஹனின் முந்தைய ஆண்டுகள் எதிலும் 6-க்கு மேல் போனதில்லை. கருணை காட்டியதை ஈடுகட்டத்தான் இத்தனை பேர் என்று சொல்ல மாட்டேன், தேதி குறிப்பது நீதிமன்றம். ஆனால் கருணை காட்டிய கை மறுபடி நீளவில்லை. சில கைதிகள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கே போனார்கள். முந்தைய கருணைக்குக் கிடைத்த எதிர்ப்பாலும் செனட் போட்டியாலும் இந்த ஆளுநரால் எங்கள் மனுக்களை நடுநிலையாகப் பார்க்க முடியாது என்பது அவர்கள் வாதம். கருணை என்பது ஆளுநரின் விருப்புரிமை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

அரசியல் விலை வேறு பக்கமும் விழுந்தது. 1999 அக்டோபரில், கார்னஹன் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்திருந்த கறுப்பின நீதிபதி ரானி வைட்டைக் கூட்டாட்சி நீதிபதியாக்கும் பரிந்துரையைச் செனட் 54-க்கு 45 என்ற வாக்கில் தோற்கடித்தது. மரண தண்டனையில் குற்றவாளிகளுக்குச் சாய்கிறார் என்று அவரை எதிர்த்து முன்னின்றவர் ஆஷ்கிராஃப்ட். மரண தண்டனை வாக்குச் சண்டையாக மாறினால், வழக்கைக் கவனமாகப் படிக்கும் நீதிபதிக்கும் அடி விழும் என்பதற்கு இது சாட்சி.

2000 அக்டோபர் 16 அன்று கார்னஹன் விமான விபத்தில் இறந்தார். விமானத்தை ஓட்டிய மகனும் இறந்தார். வாக்குச்சீட்டிலிருந்து பெயரை எடுக்க நேரமில்லை. மூன்று வாரம் கழித்து, இறந்தவருக்கே மிசூரி மக்கள் வெற்றி கொடுத்தார்கள். அவருடைய மனைவி அந்த இடத்துக்கு நியமனம் பெற்றார். கருணை காட்டியவர் தேர்தலில் தொலைவார் என்ற பாடம், மிசூரியைப் பொறுத்தவரை, நிரூபணம் ஆகவேயில்லை.

பக்கத்து மாநிலத்தில் வேறு வழி

மிசூரிக்குக் கிழக்கே, ஆற்றைத் தாண்டினால் இலினாய்ஸ். அங்கே ஆளுநர் ஜார்ஜ் ரயனும் மரண தண்டனையை ஆதரித்து வந்தவர்தான். 2000 ஜனவரி 31 அன்று, தொலைக்காட்சிப் பகுதி ஒளிபரப்பாக ஒன்பது நாள் இருக்கும்போது, மாநிலத்தில் தண்டனைகளை நிறுத்திவைத்தார். காரணம் ஒரு கணக்கு. மரண தண்டனை திரும்ப வந்ததிலிருந்து 12 பேரைக் கொன்றிருந்தார்கள், 13 பேர் தவறாகத் தண்டிக்கப்பட்டவர்கள் என்று வெளியே வந்திருந்தார்கள். ஒரு குழுவை அமைத்தார், அது தன் பரிந்துரைகளைக் கொடுத்தது. 2003 ஜனவரியில், பதவி முடியும் நேரத்தில், மரண தண்டனைக்குக் காத்திருந்த 167 பேரின் தண்டனையைக் குறைத்தார். 2011-இல் இலினாய்ஸ் மரண தண்டனையையே ஒழித்தது.

ரயன் பின்னாளில் வேறொரு ஊழல் வழக்கில் சிறை போனார். புனிதர் என்று யாரையும் காட்ட நான் இதைச் சொல்லவில்லை. கார்னஹனிடம் கேட்டது ஒரு முகம், ரயனிடம் கேட்டது ஒரு பட்டியல். முகத்துக்குக் கிடைத்த பதில் ஓர் உயிர். பட்டியலுக்குக் கிடைத்த பதில் ஒரு முறையின் முடிவு.

கத்தோலிக்கத் திருச்சபையும் அதே பக்கம் நகர்ந்தது. 2018-இல் போப் பிரான்சிஸ் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தி, மரண தண்டனை எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று என்று எழுதவைத்தார். 2024 டிசம்பர் 8 அன்று, அமெரிக்காவில் மரண தண்டனைக்குக் காத்திருப்பவர்கள் எல்லாருக்காகவும் ஜெபிக்கும்படி கேட்டார். இரண்டு வாரம் கழித்து, கத்தோலிக்கரான அதிபர் ஜோ பைடன், கூட்டாட்சி அரசின் பட்டியலில் இருந்த 40 பேரில் 37 பேரின் தண்டனையைக் குறைத்தார். தொலைக்காட்சி அதிபர் எடுக்காத பேனாவை 24 ஆண்டு கழித்து ஓர் உண்மையான கத்தோலிக்க அதிபர் எடுத்தார். இந்த முறை கேட்டவர் ஒரு பெயரைச் சொல்லவில்லை, எல்லாரையும் சொன்னார்.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

போப் நடந்த அந்தச் சில அடிகளை மாற்றச் சொல்ல மாட்டேன். கடிதங்கள் தோற்ற இடத்தில் நேரில் போனது பலித்தது. மனு எழுதிப் பழகிய இயக்கங்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். முடிவெடுப்பவர் முன்னால், அவர் மதிக்கிற ஒருவர், நேரம் இருக்கும்போதே போய் நிற்க வேண்டும். தொலைக்காட்சிக் கதையில் பங்குத்தந்தை வந்து சேரும்போது மனம் முடிவாகிவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆளுநர் மாற்றியிருக்க வேண்டியது காரணத்தை. வேண்டுகோளை ஏற்ற அதே நாளில், வழக்குக் கோப்பைத் திறந்து, இந்தத் தண்டனை ஏன் தேவையில்லை என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். பரோல் இல்லாத ஆயுள் தண்டனை மக்களைக் காக்கப் போதும் என்பது ஒரு வரி. அது அடுத்த மனுவுக்கும் பொருந்தியிருக்கும், அதனால்தான் எழுதவில்லையோ என்றும் தோன்றுகிறது. எழுதியிருந்தால் பிப்ரவரி 24-க்குக் கையெழுத்து மறுக்கும்போது, இவருக்கு அது ஏன் பொருந்தவில்லை என்று சொல்லவேண்டி வந்திருக்கும்.

இறந்த மூவரின் உறவினர்களுக்கும் இடம் வேண்டும். அறிவிப்புக்கு முன் அவர்களோடு உட்கார்ந்து, என்ன நடக்கப்போகிறது, ஏன் என்று சொல்வதை முறையின் ஒரு படியாகவே வைக்க வேண்டும். அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தொலைக்காட்சிக் கதையில், காவலராக இருந்த தாயைக் கொலைக்குப் பறிகொடுத்த உதவியாளனிடம் அதிபர் கேட்கிறார், கொன்றவனுக்கு மரண தண்டனை கிடைப்பதைப் பார்க்க விரும்புவாயா என்று. அவன் சொல்கிறான், அதை நானே என் கையால் செய்யத்தான் விரும்புவேன் என்று. அந்தக் கோபத்தைக் கேட்கும் காது மிசூரியிலும் வேண்டியிருந்தது.

கடைசியாக, அன்று பேராலயத்தில் போப்பைச் சுற்றி நின்ற ஆயர்களும் குருக்களும் செய்திருக்கக்கூடிய ஒன்று. ஒரு பெயர் பலித்த மறுநாளே, அந்தக் கதவு மூடுவதற்குள், பொட்டோசியில் தேதிக்காகக் காத்திருந்த மற்றவர்களின் பெயர்களை எழுதி, அதே ஆளுநரின் கையில், அதே போல நேரில் நடந்துபோய்க் கொடுத்திருக்கலாம். முதல் பெயருக்கு இன்னும் 27 நாள் இருந்தது.